பந்தலில் ஏறும் வெள்ளரி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டு வளவைப் பரப்புக் கணக்கினால் அளப்பது வழக்கம். 10 பேர்ச் கொண்டது 1 பரப்பு. 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். பெற்றோர் வழிவந்த 8 பரப்புக் காணி நான்கு பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் முதுசமாகவும் பிரியுமாயின் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது 2 பரப்பு. அதன்மேல் வீடு எழுகின்றது. கிணறும் மலகூடமும் தம் பங்கைக் கேட்கின்றன. ஒரு மாவும் இரண்டு தென்னையும் தம் நிழலால் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சுவது வேலியோரத்து ஒரு சிறு கீற்று. அடுத்த தலைமுறையில் அக்கீற்றும் பங்கு போடப்படும்.

2022ஆம் ஆண்டில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளும் உணவுப் பொருள்களும் அரிதாகி, சந்தைக்குப் போன கூடை பாதியே நிறைந்து திரும்பியதை எவரும் மறந்திரார். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டதனால் கமக்காரர் பட்ட பாடும் அறிந்ததே. அக்காலத்தில், அரசாங்க ஊழியர் தம் வீட்டுத் தோட்டத்தைக் கவனிக்கும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை பெறலாம் என அமைச்சரவை முடிவு செய்தது. நாள் கிடைத்தது, மண்வெட்டி போடத்தக்க நிலந்தான் பலரிடம் இருக்கவில்லை. கத்தரியும் மிளகாயும் நட்டவர்கள் கூட, வெள்ளரிப்பழத்தையும் வத்தகையையும் நினைத்துப் பார்க்கவில்லை. கொடி ஒன்று ஆறடி, எட்டடி எனத் தன் கைகளை நீட்டிப் படுத்துக்கொண்டால் வளவில் மனிதர் நடக்க வழி ஏது?

படுக்கும் கொடியை நிமிர்த்தி நிறுத்துவதே இதற்கு வழி. இது புதுமையானதன்று. புடலையும் பாகலும் பீர்க்கும் பந்தலில் தொங்குவதைக் காணாத ஊரில்லை. புடலங்காய் வளையாது நீளும்பொருட்டு அதன் நுனியிற் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் பழையது. வெள்ளரிப்பழம், இன்று மெலன் என்னும் பெயரோடு கடைகளுக்கு வரும் அதன் இனத்துப் பழங்கள், சிறிய சாதி வத்தகை ஆகியவற்றையும் அவ்வாறே ஏற்றலாம். ஆனால் புடலைக்குச் செய்ததையே இவற்றுக்கும் செய்துவிட்டு இருந்தால் பழம் கைக்கு வராது. அந்த வேறுபாடுகளை அறிந்து தொடங்குதல் வேண்டும்.

முதலாவது, பற்றும் வலிமை. இக்குடும்பத்துச் செடிகள் தந்துக்களால் ஏறுகின்றன. தந்துவின் நுனி ஒரு கயிற்றைத் தொட்டதும் அதைச் சுற்றிக்கொள்ளும். பின்னர் இடையிலுள்ள பகுதி சுருளத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் அச்சுருளின் ஒரு பாதி இடமாகவும் மறுபாதி வலமாகவும் திரும்பியிருத்தலைக் காணலாம். இரு முனையும் கட்டுண்ட கயிற்றை ஒரே பக்கமாக முறுக்கவியலாது என்பதே காரணம். அச்சுருள் வில்லைப்போல் நீண்டு சுருங்கிக் காற்றின் அதிர்வைத் தாங்குகின்றது. சார்ல்ஸ் டார்வின் இவ்வகைக் கொடிகளைத் தம் வீட்டிலேயே வளர்த்து ஆராய்ந்து 1865இல் ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டார். அவருக்கு விதை அனுப்பியவர் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரே. பள்ளிப் பிள்ளைகள் ஒரு கைக்கண்ணாடியுடன் பந்தலடியில் அரைமணி நேரம் நின்றால் டார்வின் கண்டதைத் தாமும் காணலாம். சுரையின் தந்து கிளைவிடுவது; வெள்ளரியின் தந்தோ கிளையற்ற ஒற்றை இழை. ஆதலின் வெள்ளரிக்கொடியைத் தானே ஏறட்டும் என விட்டுவிடாது, சாணுக்கு ஒரு கட்டாகப் பழந்துணிக் கீற்றினால் தளர்வாகக் கட்டிவருதல் நன்று. இறுகக் கட்டினால் தண்டு பருக்கும்போது கட்டே அதை அறுத்துவிடும்.

பந்தல் ஆறடி உயரம் இருந்தாற் போதும். கைக்கு எட்டாத பழத்தை அணில் கவனித்துக்கொள்ளும். தூண்களுக்குப் பனஞ்சலாகை சிறந்தது. கிளுவையோ முள்முருக்கோ கதியாலாக நட்டால் அது வேர்விட்டுத் தழைத்து, வெள்ளரிக்கு ஊற்றும் நீரைத் தானே குடித்துவிடும். தூண்களுக்கிடையே தும்புக்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். கரையோர ஊர்களிற் கழித்த மீன்வலையைப் பயன்படுத்துவர். அதன் கண் சிறிதாயின் பிஞ்சு கண்ணுக்குள் நுழைந்து பருத்து நெரிபடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வடக்குத் தெற்காகப் பந்தல் நின்றால் காலை வெயிலும் மாலை வெயிலும் இருபுறமும் படும் என்பது பொதுவிதி. குடாநாட்டிலோ வெயிலுக்குப் பஞ்சமில்லை. சோளகக் காற்றுக்கே அஞ்சவேண்டும். காற்றுக்குக் குறுக்கே நிற்கும் பந்தல், இலை அடர்ந்தபின் பாய்மரம் ஆகிவிடும். வெட்டவெளி வளவாயின் காற்றோடு ஒட்டிய திசையிலேயே அமைத்தல் அறிவுடைமை.

நிலத்திற் படரவிடின் குழிக்குக் குழி ஆறடி வேண்டும். பந்தலில் ஒன்றரை அடி முதல் இரண்டடி போதுமானது. மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில் நடுவது உத்தமம். குழிக்கு மூன்று விதை இட்டு, முளைத்தபின் வலியது ஒன்றை நிறுத்துவர். பங்குனி, சித்திரை வெயிலிற் பழம் கைக்கு வரும்.

இனி நீர். இதிலே பந்தலுக்கு ஒரு குறை உண்டு. தரையிற் படர்ந்த கொடி தன் இலையாலேயே தன் மண்ணை மூடிக் குளிர்விக்கின்றது; பந்தலில் ஏறியதோ அடிமண்ணை வெறுமையாக விட்டுவிடுகின்றது. வெயிலும் காற்றும் அதனை விரைவில் உலர்த்தும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கடல்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படலமாக நிற்கின்றது. அதையே கிணறுகள் தருகின்றன. அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். அளவு மீறிப் பசளை இட்டால் அதன் நைத்திரேற்று கிணற்று நீரிலேயே வந்து சேரும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை. எனவே வீட்டுப் பந்தலுக்கு வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுதல் வீண். பூவரசங் குழையையும் காய்ந்த பனையோலையையும் செடியடியில் ஒரு சாண் தடிப்பிற்குப் பரப்பி மூடாக்கு இடவேண்டும். இரண்டு செடிகளுக்கு நடுவே, மெருகிடாத ஒரு மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிடலாம். முட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து வேரைத் தேடிச் செல்லும். மண் உலர உலரக் கசிவு மிகும். மண் நனைந்திருக்கக் குறையும். நாட்கணக்கில் அளந்து ஊற்றும் கவலை இல்லை. முட்டி வற்றாது பார்த்துக்கொண்டாற் போதும்.

பூக்கத் தொடங்கியதும் முதலில் வருவன ஆண்பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு கலங்குவோர் பலர். காய்க்கும் பூ பின்னர் பக்கக் கிளைகளில் வரும். அதன் அடியில் மொச்சை அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். தேனீ வாராத வளவில், காலை வேளையில் ஓர் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி அதன் மகரந்தத்தைக் காய்ப்பூவின் நடுவிலே தொட்டுவைத்தல் வேண்டும். நண்பகலுக்குமுன் இது முடிதல் நன்று. காலையில் நாசினி தெளிப்பவர் தம் தேனீயைத் தாமே கொல்கின்றனர்.

பழ ஈ இளம் பிஞ்சைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு வளர்ந்து காய் அழுகும். நிலத்துக் கொடியில் இதைத் தடுத்தல் கடினம். பந்தலிலோ ஒவ்வொரு பிஞ்சும் கண்முன்னே தொங்குவதால், எலுமிச்சை அளவு ஆனவுடன் கடதாசிப் பையோ மெல்லிய துணிப் பையோ கட்டிவிடலாம். குத்துண்ட காயை எருக்குழியின் மேற்பரப்பில் எறியாது ஆழப் புதைக்க வேண்டும். பந்தலின் இலைகள் காலைப் பனி நீங்கி விரைவில் உலர்வதால் பூஞ்சண நோயும் குறையும்.

செடி ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று காயே விடுதல் வேண்டும். மிச்சத்தைக் கிள்ள மனம் வராதவர்க்குச் சப்பென்ற ஆறு பழம் கிடைக்கும். காய் கைமுட்டி அளவானதும் அதற்கு உறி கட்டவேண்டும். பழைய அடுக்களையிற் பாற்சட்டியும் தயிர்ச்சட்டியும் பூனைக்கு எட்டாது தொங்கிய அதே உறிதான். பருத்திச் சேலைத் துண்டோ பழவலையோ கொண்டு தொட்டில்போற் செய்து, கொடியிலே கட்டாது பந்தலின் சலாகையிலேயே கட்டுதல் முறை. நீர் தேங்காதிருக்க அடியில் துவாரம் இருத்தல் வேண்டும். வெள்ளரிப்பழம் முற்றினால் தானே வெடிக்கும்; அதற்குத் துணியைவிடப் பனையோலைப் பட்டை மேலானது.

பறிக்கும் பருவத்தை அறிவதிலும் வேறுபாடு உண்டு. மெலன் இனத்துப் பழம் பல முற்றியதும் காம்படியில் வெடிப்புக் கண்டு தானே கழன்றுவிடும். உறி இல்லாவிடின் அந்த இரவே நிலத்தில் விழுந்து சிதறும். வத்தகை கழலாது. தரையிற் கிடந்த வத்தகையை அடிப்பக்கத்து மஞ்சட் படையைப் பார்த்து அறிவர். தொங்கும் பழத்துக்கு அந்தப் படை உண்டாகாது. காம்பருகே உள்ள தந்து முற்றிலும் காய்ந்திருக்கின்றதா என்று பார்த்து, விரலால் தட்டிக் கனத்த ஓசை கேட்டபின் அறுக்கலாம்.

பழம் முடிந்ததும் கொடியை அறுத்து எருக்குழியில் இட்டு, முட்டியைத் தோண்டியெடுத்துத் தேய்த்துக் கழுவி வைக்கவேண்டும். அடுத்த போகத்தில் அதே மண்ணில் வெள்ளரியினம் எதையும் நடாது பயிற்றை நடுவது நல்லது. அதன் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும், ஏறுவதற்கும் அதே பந்தல் போதும்.