குளிர்கிடங்கில் டீசல் வண்டிக்கு என்ன வேலை?



கெங்குவார்பட்டி வழியாக வத்தலக்குண்டுப் பக்கம் போகிற லாரிகளில் மாங்காய் மட்டுமா போகிறது? சின்னமனூர், கம்பம் தோட்டங்களில் வெட்டிய திசு வாழையும் சீப்புச் சீப்பாக அட்டைப்பெட்டியில் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கு வாழை இன்று வளைகுடா வரை ஏற்றுமதியாகிறது. பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கினால் எடை ஒரு டன்னைத் தொடும். அதைத் தூக்கிக் குளிர்கிடங்கில் வைக்க ஃபோர்க்லிஃப்ட் வண்டி வேண்டும். டீசல் வண்டியா, பேட்டரி வண்டியா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அறைக்குள் தார்களை அடுக்கி, சட்டியில் சருகைப் புகையவிட்டு, கதவை இறுக அடைத்துவிடுவார்கள். காயைப் பழுக்க வைப்பது சூடு மட்டுமல்ல. புகையில் இருக்கும் எத்திலீன் வாயுவும்தான். அதே எத்திலீன் டீசல் எஞ்சின் புகையிலும் இருக்கிறது, கேஸ் எஞ்சின் புகையிலும் இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு கலந்தாலே வாழைக்காய்க்கு அது போதும். காய் பழுத்துவிடக் கூடாது என்றுதானே 13, 14 டிகிரியில் கரண்ட் செலவழித்துக் காக்கிறோம்? அந்தக் குளிர் அறைக்குள் எஞ்சின் வண்டியை உறுமவிட்டால், காசு கொடுத்து மூட்டம் போடுகிற கதைதான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. டீசலில் இருக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அந்த வெப்பத்தையும் குளிரூட்டும் எந்திரமே வெளியே தள்ளியாக வேண்டும். வண்டி ஓட்டுகிறவரின் நெஞ்சையும் நினையுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது.

"பேட்டரி வண்டி என்றால் மாசே இல்லை" என்று விற்பனையாளர் சொல்வதை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. லோயர் கேம்ப்பில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறோம், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது, சரி. ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. டீசலோ லிட்டருக்கு 2.7 கிலோ. நடுத்தர வண்டி ஒன்று மணிக்கு இரண்டரை லிட்டர் குடித்தால் ஏறக்குறைய 6.7 கிலோ ஆயிற்று. அதே வேலைக்குப் பேட்டரி வண்டி ஆறு யூனிட் இழுத்தாலும் 4.2 கிலோதான். நிலக்கரிக் கணக்கைச் சேர்த்த பிறகும் பேட்டரியே மேல்.

வாங்கும்போது விலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் ஆகும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், தீப்பிடிக்கக் கூடியது. அதனால் சார்ஜ் போடும் இடம் குளிர் அறைக்கு வெளியே, நல்ல காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு அந்தத் தொல்லை இல்லை. டீ குடிக்கிற நேரத்தில்கூடக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், சார்ஜில் வீணாகும் கரண்டும் குறைவு.

கிடங்கு கட்டும் விவசாயக் குழுவினரே, ஏற்கெனவே டீசல் வண்டி வைத்திருந்தால் விற்க வேண்டாம், களத்தில் லாரி ஏற்ற வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடச் சொல்லுங்கள். குளிர் அறைக்குள் மட்டும் பேட்டரி வண்டியைத் தவிர வேறெதையும் விடாதீர்கள்.