கடலில் போனவருக்குப் பதிவேடுதான் கல்லறை

இன்னைக்கு உங்ககிட்ட ஒரு பதிவேட்டைப் பற்றிப் பேசப்போறேன். அதை உங்க கைபேசியிலேயே திறந்து பார்க்கலாம், கட்டணம் கிடையாது.

முதல்ல ஒரு சம்பவம். 1940 அக்டோபர் 18. இரண்டாம் உலகப்போர் நடக்கும் நேரம். கனடாவிலிருந்து இங்கிலாந்துக்கு 35 சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போய்க்கிட்டிருந்தன. அதில் ஒன்று ‘ஃபிஸ்கஸ்’, இரும்புச் சரக்கு ஏற்றிய கப்பல். ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய குண்டு பட்டதும் சீக்கிரமே மூழ்கிடுச்சு. 39 பேரில் ஒருத்தர்தான் பிழைத்தார். இறந்தவர்களில் கார்டிஃப் நகரத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுக்கு 15 வயசு, தம்பிக்கு 14. வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைங்க.

உடல் கிடைக்கலை. அந்தக் காலத்துல பிரிட்டன் வணிகக் கப்பல்களில் இன்னொரு கொடுமையும் இருந்தது. கப்பல் மூழ்கின நாளோட மாலுமியின் சம்பளம் பொதுவா நின்னுடும். 1941 மே மாதத்தில்தான் அது மாறியது.

இப்போ அந்தப் பிள்ளைங்களுக்கு இருக்கிறது என்ன? லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் பொறித்த பெயர், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் ஒரு வரி. கடலில் போனவருக்கு அதுதான் கல்லறை.

இது நம்ம நாட்டுக்கும் சொந்தமான விஷயம். அந்தப் போரில் கடலில் மறைந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 6,000 பேரின் பெயர்கள் இதே ஆணையத்தின் ஏடுகளில் இருக்கு. மும்பையிலும் வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் அந்த ஏடுகளை வச்சிருக்காங்க. பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர், சமையல்காரர், எடுபிடிப் பையன்னு எல்லாரும் அதில் உண்டு.

உங்க வீட்டுலயும் “தாத்தாவோட அண்ணன் கப்பலுக்குப் போனார், திரும்பலை” என்ற பேச்சு இருந்தா, இப்படிச் செய்யுங்க:

• முதலில் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து பெயர், அப்பா பெயர், ஊர், கப்பல் பெயர், ஏறிய துறைமுகம் எல்லாம் கேட்டுக் குறிச்சுக்கோங்க.
• ஆணையத்தின் இணையதளத்தில் போரில் இறந்தோரைத் தேடும் பக்கத்துக்குப் போங்க. வணிகக் கடற்படை என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்க.
• ஆங்கில எழுத்தை நாலு விதமா மாற்றிப் போட்டுப் பாருங்க. எழுதினவர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.
• கிடைத்தால் பக்கத்தைச் சேமிச்சு வைங்க. எழுத்துப் பிழை இருந்தால் ஆதாரத்தோட திருத்தம் கேட்டு எழுதலாம்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கும் வெளிநாட்டுக் கப்பலுக்குப் போற பிள்ளைங்க நம்ம வீடுகளில் இருக்காங்க. அவங்க கிளம்பும் முன்னாடி பாஸ்போர்ட், மாலுமி அடையாள ஏடு, வங்கிக் கணக்கின் வாரிசு நியமனம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. நகலை வீட்டுல வைங்க. ஒரு எழுத்து மாறினாலும் பின்னாடி அலையப்போறது அம்மாவும் மனைவியும்தான்.