ஹூப்ளி மேடையில் சிவகாமி



கல்கி அவர்களின் 'சிவகாமியின் சபதம்' என்னும் நாவலை எந்த ஊரில் மேடையேற்றினாலும், ஏற்றுகிறவர்களுக்கு நேரும் தொல்லை பெரும்பாலும் ஒன்றுதான். கதை பெரிது, மேடை சிறிது. எங்களுக்கோ வேறொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. நாங்கள் அதை நடிக்க முனைந்த ஊர், இந்நாளில் ஹுப்பள்ளி என்று வழங்கும் ஹூப்ளி. அங்கிருந்து கதக் வழியாகச் செல்லும் ரயிலில் ஏறினால் சில மணி நேரத்தில் பாதாமி வந்துவிடும். பாதாமிதான் பழைய வாதாபி. எந்த நகரம் எரிந்தாலொழியத் தாயகம் திரும்புவதில்லை என்று சிவகாமி சபதம் செய்கிறாளோ, அந்த நகரத்துக்கு அண்டையில் வாழ்கிறவர்கள் நாங்கள். எங்கள் அண்டை வீட்டாரோ, புலிகேசியைத் தங்கள் நாட்டின் தலைசிறந்த மன்னனாகப் போற்றுகிறவர்கள்.

ரயில்வே பணிமனையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஹூப்ளியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. எங்கள் நாடகக் குழுவில் ஃபிட்டர்கள் உண்டு, குமாஸ்தாக்கள் உண்டு, ஒரு பள்ளி ஆசிரியையும் ஒரு மளிகைக் கடைக்காரரும் உண்டு. பொங்கலையொட்டி ஆண்டுக்கொரு நகைச்சுவை நாடகம் போடுவதோடு எங்கள் கலைத் தொண்டு முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்களுள் மூத்தவர் ஒருவருக்குச் 'சிவகாமியின் சபத'த்தின் மீது ஆசை விழுந்தது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகி விட்டமையால் அனுமதிக்காக அலைய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நான்கு பாகங்கள், இருநூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள்! இவற்றை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கியாக வேண்டும். முதல் அத்தியாயங்களில் வரும் மதங்கொண்ட யானையைக் கொட்டு முழக்கமாகவும் திரையில் ஒரு நிழலாகவும் மாற்றினோம். காஞ்சி முற்றுகை இரண்டு ஒற்றர்களின் உரையாடலாகச் சுருங்கியது. புலிகேசியும் நாகநந்தி பிக்ஷுவும் உருவத்தில் வேறுபாடற்ற இரட்டையர் என்று ஆசிரியர் அமைத்திருப்பது எங்களைப் போன்ற ஏழைக் குழுவுக்குப் பெரிய உபகாரம். ஒரே நடிகர் போதும். கதையில் நாங்கள் வெட்டாமல் வைத்துக்கொண்டது சிற்பி ஆயனரின் மகள் சிவகாமிக்கும் பல்லவ இளவரசர் மாமல்லருக்கும் இடையே வளர்ந்து, சிதைந்து போகும் காதலைத்தான்.

முதல் சில ஒத்திகைகள் குதூகலமாகவே நடந்தன. வாதாபி எரியும் காட்சி வந்தபோது இளைஞர்கள் முரசறைந்து ஜயகோஷம் எழுப்பினார்கள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினோம். அப்போதுதான் ஒருவர் எழுந்து சன்னலைச் சாத்தினார். ஏன் சாத்தினார் என்று எவரும் கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே யார் வசிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சன்னலைச் சாத்திக்கொண்டு நடிக்க வேண்டிய நாடகத்தைப் பொங்கல் விழாவுக்கு அயலாரை அழைத்து வைத்துக்கொண்டு எப்படி நடிப்பது? அன்றிரவு வெகுநேரம் வாதம் நடந்தது. வேறு நாடகம் போடுவோம் என்றனர் சிலர். புலிகேசிக்குப் பெயரை மாற்றிவிடலாம் என்ற யோசனைகூட வந்தது. கல்கியைப் படித்தவர்கள் எவரும் இதை ஒப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதாமியை நேரில் பார்த்து வரலாம் என்று புறப்பட்டோம். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவரையும் அழைத்துச் சென்றோம். ஊரில் அவரை 'மாஸ்தர்' என்றே சொல்லுவார்கள். செந்நிறப் பாறைகள் இருபுறமும் ஓங்கி நிற்க, நடுவே அகஸ்திய தீர்த்தம். பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள். மூன்றாம் குகைக் கோயில் கி.பி. 578-இல் உண்டானது என்பதை அங்குள்ள சாசனமே கூறுகிறது. அப்படியானால் மாமல்லர் படையெடுத்த நாளில் அது அறுபதாண்டுக்கு மேல் பழமையுடையதாக இருந்திருக்கும். வாதாபியை வென்ற பல்லவ மன்னரின் கல்வெட்டும் சிதைந்த நிலையில் ஒரு பாறை மீது இருக்கிறது. 642-இல் பல்லவர் வாதாபியைக் கைப்பற்றியது சரித்திரம். சிவகாமியும் அவளுடைய சபதமும் ஆசிரியரின் கற்பனை. இந்த இரண்டையும் நாங்கள் அதுவரை மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை என்பதை அந்தப் பாறைகளின் எதிரே நின்றபோது உணர்ந்தோம்.

மாஸ்தர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கதையின் பிற்பகுதி ஒன்றை மட்டும் சொன்னார். வாதாபி வீழ்ந்து ஏறக்குறைய நூறாண்டுக்குப் பிறகு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். நகரத்தை அவன் அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே அளித்து, அதைக் கன்னடத்தில் கல்வெட்டாகவும் பொறித்து வைத்தான். அந்தக் கல்வெட்டு இன்றும் காஞ்சியில் இருக்கிறது. எங்களில் பலர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

திரும்பி வந்து நாவலை மீண்டும் எடுத்துப் படித்தோம். முதல் முறை கண்ணில் படாதது இப்போது பட்டது. கல்கி வெற்றியைப் பாடி நூலை முடித்து விடவில்லை. நான்காம் பாகத்துக்கு அவர் இட்ட தலைப்பே 'சிதைந்த கனவு'. மாமல்லர் மாறுவேடத்தில் வந்து அழைக்கும்போது சிவகாமி புறப்பட்டிருந்தால் கதை அங்கேயே மங்கலமாக முடிந்திருக்கும். அவள் சபதத்தை நினைத்து மறுக்கிறாள். சபதம் நிறைவேறி அவள் காஞ்சிக்குத் திரும்பும்போது, மாமல்லர் பாண்டிய இளவரசியின் கணவர், குழந்தைகளுக்குத் தந்தை. ஏகாம்பரநாதரையே நாயகராக வரித்துக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. வாதாபியோடு எரிந்தது அவளுடைய வாழ்வும்தான் என்றால், அந்தக் காட்சியில் முரசுக்கு என்ன வேலை?

முரசை எடுத்துவிட்டோம். தீயையும் காட்டவில்லை. இருண்ட மேடையில் சன்னல் ஓரம் சிவகாமி நிற்பாள். அவள் முகத்தில் மட்டும் செந்நிற ஒளி ஏறிக்கொண்டே போகும். ஜயகோஷத்தை இழந்ததில் இளைஞர்களுக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

இனிப் புலிகேசிக்கு ஆள் வேண்டும். பணிமனை நண்பர் ஒருவர், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழும் நன்றாகப் பேசுவார். நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். 1967-இல் வெளிவந்த 'இம்மடி புலிகேசி' படத்தில் ராஜ்குமார் தரித்த வேடமாயிற்றே என்று அவர் உற்சாகமாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். மீசையை முறுக்கி அட்டகாசமாகச் சிரிக்க மாட்டார். சிறைப்பட்ட தமிழர்களைக் கசையடியிலிருந்து காக்கச் சிவகாமி வாதாபியின் நாற்சந்தியில் ஆட நேரும் கட்டத்தை விட்டுவிடலாமா என்று நாங்களே அவரைக் கேட்டோம். விட்டுவிட்டால் சபதத்துக்கு வேர் ஏது என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். "ராஜா தப்புச் செய்தால் செய்யட்டும், அண்ணா. ஆனால் ராஜாவாக நின்று செய்யட்டும்" என்றார். காஞ்சி அரண்மனைக்கு விருந்தாளியாக வரும் காட்சியில் தம் படைத் தலைவர்களிடம் பேசும் பேச்சை மட்டும் அவர் கன்னடத்தில் பேசினார். நாடகத்தில் மிகுந்த கைதட்டல் பெற்றது அந்த இடந்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சிவகாமியாக நடித்த பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூப்ளியிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. ஆகையால் சிவகாமியின் வசனம் முழுவதையும் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள். ழகரம் மட்டும் அவளுக்குப் பகையாக இருந்தது. ஆசிரியை அம்மாள் நாள்தோறும் அரை மணி நேரம் அவளோடு அமர்ந்து அந்தப் பகையைத் தீர்த்து வைத்தார். நாடகம் முடிந்த பிறகும் அந்த அரை மணி நேரம் நிற்கவில்லை. இப்போது அவள் தட்டுத் தடுமாறி நாவலின் முதல் பாகத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

நாடகத்தன்று சன்னல்களை எல்லாம் திறந்தே வைத்தோம். ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்னால் மாஸ்தர் மேடை ஓரத்தில் நின்று கதைச் சுருக்கத்தைக் கன்னடத்தில் கூறினார். சிவகாமியின் முகத்தில் செவ்வொளி ஏறிய நேரத்தில் கூடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது மட்டும் கேட்டது.

திரை விழுந்த பின், புலிகேசியாக நடித்தவரின் தாயார் கோலை ஊன்றிக்கொண்டு ஒப்பனை அறைக்கு வந்தார். மகன் கிரீடத்தோடு எழுந்து நின்றார். அம்மையார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சிவகாமியிடம் சென்று, அவள் கையைப் பற்றிக்கொண்டு, "அவன் முதலில் வந்து கூப்பிட்டபோதே நீ போயிருக்கக் கூடாதா, மகளே?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நானும் ஒத்திகைக்கு ஒத்திகை அதைத்தான் கேட்டேன், அஜ்ஜி" என்றாள் அவள்.