ஆங்கிலத் தேர்வு: பயம் வேண்டாம், பயிற்சி வேண்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு மேற்படிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரு படியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: ஆங்கிலத் தேர்வு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே மேலே படிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியம். எனக்கெல்லாம் ஐ.இ.எல்.டி.எஸ். வருமா?"

வரும். ஏன் என்று சொல்கிறேன்.

கணித மேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார், உதவித்தொகை போய்விட்டது. பட்டம் இல்லாமல் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். அதே மனிதர்தான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். இதில் நமக்கு இரண்டு பாடம். ஆங்கில மார்க்கை வைத்து யாருடைய மூளையையும் அளக்க முடியாது. ஆனால் அந்த மார்க் குறைந்தால் பணமும் வருஷமும் போகும். அதனால் பயப்படவும் கூடாது, அலட்சியமும் கூடாது.

தேர்வு என்ன கேட்கிறது? அமெரிக்காவின் டோஃபல் 1964-லேயே வந்தது. ஐ.இ.எல்.டி.எஸ். 1989-ல் வந்தது. பலரும் எழுதும் அதையே எடுத்துக்கொள்வோம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. மதிப்பெண் 9 வரை. பல பல்கலைக்கழகங்கள் ஆறரை கேட்கின்றன. பகுதிவாரியாகவும் குறைந்தபட்சம் கேட்பதுண்டு. நீங்கள் சேரப்போகும் படிப்பின் விதியை முதலில் பாருங்கள்.

படித்தலில் ஒரு மணி நேரத்தில் 40 கேள்வி. சரி, தவறு, சொல்லப்படவில்லை என்று ஒரு வகை உண்டு. "யார்டுக்குள் ஹெல்மெட் கட்டாயம்" என்று நோட்டீஸ் இருக்கிறது. "யார்டில்தான் அதிக விபத்து நடக்கிறது" என்பது சரியா? நமக்குத் தெரிந்த உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நோட்டீஸில் அது இல்லை, ஆகவே "சொல்லப்படவில்லை". மெஷின் மேனுவலை வரி வரியாகப் படித்துப் பழகியவனுக்கு இது புது வித்தை அல்ல.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரு முறைதான் ஓடும். கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் மின்சார ரயிலில் தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலச் செய்தி கேளுங்கள். கேட்டதை மனசுக்குள் இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். தேர்வில் விடை தெரியவில்லை என்றாலும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். தவறுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

எழுதுதலில் இரண்டு கேள்வி: ஒன்றுக்கு 150 சொல், மற்றதற்கு 250 சொல். இரண்டாவதற்கு மதிப்பு இரண்டு மடங்கு. எனவே முதலாவதை 20 நிமிடத்தில் முடித்து, 40 நிமிடத்தை அதற்கு வையுங்கள். மனப்பாடக் கட்டுரையைத் திருத்துபவர் கண்டுபிடித்துவிடுவார், மார்க் போகும்.

பேசுதல் 11 முதல் 14 நிமிடம். வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டியதில்லை. நம் உச்சரிப்பிலேயே புரியும்படி பேசினால் போதும். ஒரு வார்த்தையில் பதில் சொல்லி நிறுத்தாமல், ஏன் என்று காரணமும் சொல்லுங்கள்.

இனி பணம். கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். வீட்டில் நகையை வைத்துக் கட்டும் பணம் இது. ஆகவே கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு நாலைந்து எழுதி, வேண்டிய மார்க் வருகிறது என்று தெரிந்த பிறகே பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட் முதலிலேயே வேண்டும். நம் இனிஷியல் வழக்கத்தால் பெயர்க் குழப்பம் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். "பரீட்சை எழுதாமலே மார்க் வாங்கித் தர்றேன்" என்பவரிடம் போகாதீர்கள். பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை நேரடியாகச் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் இடமும் போகும், விசாவும் போகும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் இந்தத் தேர்வுகளுக்கான பயிற்சி பற்றி திருவள்ளூர் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக, பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியும். பேச ஆள்தான் இல்லை. நீங்கள் துபாயில் இருந்தாலும் சரி, பொன்னேரியில் இருந்தாலும் சரி, வாரம் அரை மணி நேரம் ஒரு மாணவரோடு போனில் ஆங்கிலத்தில் பேசுங்கள். ஆறு மாதம் போதும். பெயர் தரவிரும்புவோர் இன்றே சங்கச் செயலாளரிடம் தந்துவிட்டுப் போகலாம். என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.