வண்டி உதறுதா? முதல்ல டயரை அளங்க

போன மாசம் ஒரு அண்ணன் ஆல் வீல் டிரைவ் வண்டி கொண்டுவந்தார். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா உதறுது. ரிவர்ஸ் போட்டா அடியில 'டக்'குனு அடி. வேற இடத்துல, டிரான்ஸ்ஃபர் கேஸையே மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம். பொண்ணோட காலேஜ் ஃபீஸைத்தான் எடுக்கப் போறேன்னார்.

நான் எதையும் கழட்டல. டயர் பட்டனை அளந்தேன். முன்னாடி ரெண்டும் புதுசு, 7 மில்லிமீட்டர், பின்னாடி 3. ஆரத்துல 4 குறைஞ்சா சுற்றளவுல 25 குறையும். முன் சக்கரம் 100 சுத்து சுத்தினா பின் சக்கரம் 101 சுத்தணும். அந்த வித்தியாசத்தை நடுவுல இருக்கிற கிளட்ச் பேக்தான் தாங்கும். ஓயாம வழுக்கி, சூடாகி, ஆயில் கெட்டுடும். அப்புறம் திருப்பத்துல பிடிச்சுப் பிடிச்சு விடும். உதறல் அதுதான்.

நாலும் ஒரே அளவு டயர், கிளட்ச் பேக்குக்குப் புது ஆயில். காலி மைதானத்துல எட்டு போட்டுப் பார்த்தோம், உதறல் நின்னுடுச்சு.

அந்த 'டக்'? அது தனி நோய். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு, பின்னாடி போற ஷாஃப்டைக் கையால திருப்பினேன். கிராஸ் ஜாயின்ட் ஆடுச்சு. அதை மட்டும் மாத்தினோம்.

இன்னும் ரெண்டு அடையாளம் சொல்றேன். திரும்பும்போது 'கடக் கடக்'னா பெரும்பாலும் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். வேகம் எடுக்கும்போது மட்டும் அதிர்ந்தா உள்பக்க ஜாயின்டைப் பாருங்க.

பெரிய பில்லுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி, டயரை அளந்தாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த பகுதியில பார்ப்போம்.