சபர் போன பிள்ளையும் படிக்கப் போன பிள்ளையும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சபர் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டனார்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். நம் அண்ணன் தம்பிகள் துபாய்க்கும் குவைத்துக்கும் போனார்கள். போனவர் மூன்றாம் மாதம் பணம் அனுப்புவார்; வீட்டுக்கு மாடி எழும்பும். இந்தக் கணக்கு நம் மனதில் ஊறிப்போய்விட்டது. இன்று பிள்ளைகள் படிப்பதற்காக ஜெர்மனி போகிறார்கள். அவர்களையும் அதே கணக்கில்தான் பார்க்கிறோம்.

நம் காட்டூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தகப்பனார் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். வீட்டுப் பத்திரத்தை வைத்து மகனை மேற்படிப்புக்கு அனுப்பினார். நாங்களும் கொஞ்சம் கர்ழே ஹஸனா கொடுத்தோம். வழியனுப்பும்போது தெருமுனையில் பிளக்ஸ் வைத்ததும் நாங்கள்தான். மூன்றாம் மாதத்திலிருந்து உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: “பையன் எவ்வளவு அனுப்புறான்?” அந்தக் கேள்வி பையன் காதுக்கும் போனது. அவர் இரவு நேரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனார். பகலில் வகுப்பில் தூக்கம். இரண்டு பாடங்களில் தோல்வி. அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. தவறினால் படிப்பே போய்விடும். இது எதுவும் வீட்டுக்குத் தெரியாது. அம்மாவிடம் தினமும் “நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒருநாள் நள்ளிரவில் எங்களுக்குப் போன் வந்தது. “மாமா, அத்தாகிட்ட சொல்லிடாதீங்க” என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

நாங்கள் அத்தாவிடம் சொன்னோம். அவரிடமே பேசச் செய்தோம். அத்தா அழுதார், பிறகு, “நீ ஒண்ணும் அனுப்ப வேணாம், படிச்சு முடி” என்றார். அல்ஹம்துலில்லாஹ், பையன் இப்போது இரண்டு பாடங்களையும் எழுதித் தேறிவிட்டார். ஆனால் அந்த வார்த்தையை விமான நிலையத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்காது. பிளக்ஸ் வைத்த எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

செலவைத் திறந்து பேசுவோம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பேடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். இதைக் கேட்டு ‘இலவசப் படிப்பு’ என்று நினைத்துவிடுகிறோம். விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்னும் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த தொகை இது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். மருத்துவக் காப்பீடு, வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள். மியூனிக் போன்ற ஊரில் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இதில் முதல் ஆறு வாரம்தான் கடினம். போய் இறங்கியதும் வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தற்காலிகமாகத் தங்கும் இடத்தில் பலர் அந்தக் கடிதத்தைத் தருவதில்லை. பதிவு இல்லாவிட்டால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு இழுபடும். வங்கிக் கணக்கு இல்லாமல் அந்த 992 யூரோ கைக்கு வராது. சொந்தப் பணம் அங்கே பூட்டிக் கிடக்கும், பிள்ளை பிரட் வாங்க யோசிப்பான். ஆகவே அந்த ஆறு வாரத்துக்கான பணத்தைத் தனியாகக் கையில் கொடுத்தனுப்புங்கள். மாணவர் விடுதிக்கு இடம் கிடைத்த அன்றே மனுப் போடச் சொல்லுங்கள். காத்திருப்போர் வரிசை நீளம்.

வேலை பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். சட்டம் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அனுமதிக்கிறது. முதல் பருவம் முடியட்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

வட்டிக் கடன் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டிச் சலுகை தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்தை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. எங்கள் கர்ழே ஹஸனா முழுச் செலவுக்கும் போதாது. அதனால் பணம் சேரும்வரை ஒரு வருடம் இங்கேயே வேலை பார்த்துவிட்டுப் போவது குறைவல்ல.

தாய்மார்களின் கவலை தொழுகையும் சாப்பாடும். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கே மஃரிப் வந்துவிடும். ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்துக்குள் நெருங்கி வரும். பிள்ளை அதற்குத் தயாராகப் போகட்டும். நோன்பு பற்றிப் பயம் வேண்டாம். இனி வரும் சில ஆண்டுகள் ரமளான் குளிர்காலத்தில்தான், அங்கே பகல் நம்மூரைவிடச் சிறியது. ஹலால் இறைச்சிக்குத் துருக்கிக் கடைகள் உண்டு. 1961இல் போட்ட ஒப்பந்தத்தின்படி கூலி வேலைக்குப் போன துருக்கியரும் நம்மைப் போல் சபராளிகள்தான். அவர்கள் கட்டிய பள்ளிவாசல்களில் குத்பா துருக்கி மொழியில் இருக்கலாம். ஜும்ஆ முடிந்ததும் தேநீர் கொடுத்து விசாரிப்பார்கள். முதல் வெள்ளிக்கிழமையே பிள்ளை அங்கே போகட்டும். இருட்டும் தனிமையும் ஆளை அமுக்கும் மாதங்கள் அவை. சோறு வடிக்க, பருப்பு கடைய இங்கேயே கற்றுக்கொடுத்துவிடுங்கள், ஆண் பிள்ளைக்கும்தான்.

கூட்டம் முடிந்ததும் மூன்று பிள்ளைகளின் பெற்றோரும் கொஞ்சம் இருங்கள். மாதச் செலவை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரி வரியாகப் பார்ப்போம். அத்தா மட்டும் போதாது, அம்மாவும் வேண்டும். இஷாவுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.