அளந்து சொல்லும் பணி: சுற்றுச்சூழல் துறையில் நம் பிள்ளைகளுக்குள்ள வாய்ப்புகள்

(ஜமாஅத் கல்விக் குழு நடத்திய மேற்படிப்பு வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவம், பொறியியல், கணக்குத் தணிக்கை ஆகிய படிப்புகளைப் பற்றி நாம் அனைவரும் நிறையவே கேட்டிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு துறை. எனினும் நம் வட்டாரத்திற்கு மிக நெருக்கமானது. ஒரு தொழிற்சாலை எவ்வளவு நீரை எடுக்கிறது, எவ்வளவு கழிவை வெளியே விடுகிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என அளந்து ஆலோசனை கூறுவது ஒரு பணி. அவ்வாறு அளந்ததைப் பொருள் வாங்குவோருக்கும் அரசுக்கும் அக்கம்பக்கத்து ஊராருக்கும் விளங்கும்படி எடுத்துரைப்பது மற்றொரு பணி. முன்னதை நிலைத்தன்மை ஆலோசனை என்றும், பின்னதைச் சுற்றுச்சூழல் தகவல் தொடர்பு என்றும் அழைக்கின்றனர்.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இவற்றின் தேவையை உணர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது தோல் தொழில். அதே தொழிலின் கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு அத்தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

அதன் பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின; கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாயிற்று. ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலை மாசு குறித்து மீண்டும் விரிவான தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட்டது.

இவற்றை யாரையும் குறை கூறும் நோக்கில் நாம் நினைவூட்டவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஆலைக்கும் நீதிமன்றத்திற்கும் இடையிலும், ஆலைக்கும் அயல்நாட்டு வாங்குநருக்கும் இடையிலும் ஒரு கோப்பு ஓயாமல் சென்று வருகிறது. அக்கோப்பை எழுதுபவர் யார்? பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரும் ஆலோசகர். அவருக்கு நம் கிணற்றின் கதை தெரியாது. உப்பிட்ட தோல் ஊறும் தொட்டியின் மணமும் பழக்கமில்லை. இவை இரண்டையும் அறிந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஏன் அந்த இருக்கையில் அமரக்கூடாது என்பதே இன்று நாம் முன்வைக்கும் கேள்வி.

இத்துறையில் வேலை உண்டா எனப் பெற்றோர் வினவலாம். தேவையைச் சட்டமும் சந்தையும் சேர்ந்தே உண்டாக்கியுள்ளன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் எனச் செபி கட்டாயமாக்கியது. 2005-இல் தொடங்கப்பட்ட லெதர் வொர்க்கிங் குரூப் என்னும் பன்னாட்டு அமைப்பு, தோல் ஆலைகளின் நீர், மின்சாரம், இரசாயனப் பயன்பாட்டைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரிக்கிறது. பெரிய காலணி நிறுவனங்கள் பல அத்தரத்தைப் பார்த்தே தோல் வாங்குகின்றன. உருக்கு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்புவோர், அவற்றை ஆக்குகையில் வெளிப்பட்ட கரியமில வாயுவின் கணக்கைத் தர வேண்டியுள்ளது. 2026 ஜனவரி முதல் அதற்கான கட்டண முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நம் நாட்டு மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. மாதம் ஒரு இலட்சம் யூனிட் செலவிடும் ஆலை, மின்சாரத்தின் வழியாக மட்டும் ஏறத்தாழ 70 டன்னுக்குப் பொறுப்பாகிறது. ஜெனரேட்டரில் எரியும் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. இவ்வாறே எரிபொருள், மின்சாரம், வாங்கிய பொருள், போக்குவரத்து என ஒவ்வொன்றாகத் தொகுப்பர். கூட்டலும் பெருக்கலும் எளியவை. ரசீதுகளைத் தேடி எடுப்பதும், மீட்டரை நேரில் பார்ப்பதும், மேலாளர் சொன்ன எண்ணைக் களத்தில் சரிபார்ப்பதுமே கடினம். ஆலோசகரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இனி, எடுத்துரைக்கும் பணிக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும். அச்சுருக்கத்தின் தமிழ் விளங்காவிட்டால், எழுந்து கேள்வி கேட்க வேண்டிய விவசாயி வாயடைத்து நிற்பார். 2020-இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு வந்தபோது, அதை 22 மொழிகளில் பெயர்க்க வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவியலையும் அறிந்து, நல்ல தமிழும் எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. 1992 முதல் வெளிவரும் டவுன் டு எர்த் போன்ற இதழ்களும், தொண்டு நிறுவனங்களும், பெருநிறுவனங்களின் அறிக்கைப் பிரிவுகளும் இத்தகையோரைப் பணியமர்த்துகின்றன.

படிப்பு வழிகள் பல உள்ளன. அறிவியல் பிரிவினர் சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல், வேதிப் பொறியியல் ஆகியவற்றைப் பயிலலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்தில் இளநிலையும், சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலையும் உண்டு. 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றிலேயே இருக்கிறது. வணிகவியல் பயில்வோருக்கு அறிக்கைத் தணிக்கைப் பணி பொருந்தும். தாக்க மதிப்பீட்டுக் குழுவில் சமூகப் பொருளாதார வல்லுநரும் இடம்பெறுவதால், சமூகவியல் பயில்வோருக்கும் வாயில் திறந்திருக்கிறது. பட்டமும் பணி அனுபவமும் பெற்றபின், எரிசக்தித் திறன் செயலகம் நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுதலாம். கணக்கிடுதல், அறிக்கை எழுதுதல், மொழிபெயர்த்தல் ஆகியவற்றில் பெரும்பகுதி மேசைப் பணியாதலால், வெகுதூரம் செல்ல இயலாத நம் பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. களப்பணி செய்ய முன்வரும் பெண்களைத் தடுக்கவும் காரணமில்லை. சில வார இணையவழிச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அடிப்படைப் பட்டத்திற்கு அது ஈடாகாது.

நிறைவாக, இத்துறையின் இக்கட்டையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் ஆலை உரிமையாளர். அவருக்கு எதிரான எண்ணையும் ஆலோசகரே எழுத வேண்டும். கார் நிறுவனமான வோக்ஸ்வேகன் தன் டீசல் வண்டிகளைத் தூய்மையானவை என விளம்பரம் செய்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை அவ்வண்டிகளில் பொருத்தியிருந்தது 2015-இல் வெளிப்பட்டது. நம் நாட்டிலும், சான்றின்றிப் பொருளைப் 'பசுமையானது', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று கூறி விற்பதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகளை வெளியிட்டது.

நம் ஊரில் இந்த இக்கட்டு இன்னும் கூர்மையானது. நாளை நம் பிள்ளை சோதிக்கச் செல்லும் ஆலை, அவனுடைய மாமாவுடையதாக இருக்கலாம். அதன் பின்புறக் கிணறு நன்னியம்மாவின் வீட்டுக் கிணறாகவும் இருக்கலாம். அளவு மீறியிருந்தால் மீறியிருக்கிறது என்றே அவன் எழுத வேண்டும். அப்போது அவனைக் குடும்பத்திற்கு எதிரி என நாம் தூற்றினால், அடுத்த முறை அவன் பொய் எண்ணை எழுதுவான்; அதை நம்பி ஆலையும் மூடப்படும், நீரும் கெடும். எனவே, பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப விரும்பும் பெரியோர்கள், அவர்கள் அளந்து சொல்வதைப் பொறுமையுடன் கேட்கவும் இன்றே உறுதி கொள்ள வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இன்று வீட்டிற்குச் சென்றதும் மின் கட்டண ரசீதை எடுத்து, யூனிட்டை 0.7-ஆல் பெருக்கிப் பாருங்கள். வந்த விடை உங்களை மேலும் கேட்கத் தூண்டினால், இப்படிப்பைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் பேசத் தயங்காதீர்கள்.